உணவுச்சங்கிலி ஒப்பிப்பதோடு நிற்கிறது: 6, 7ஆம் வகுப்புக்கு உயிரினத் தொடர்புகளை எப்படிச் சொல்லித் தருவது?

பாலக்கோடு டீச்சர்:
வணக்கம். நடுநிலைப்பள்ளியில் 6, 7ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். இரண்டும் சேர்த்து 34 பிள்ளைகள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று எல்லோரும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். "தவளை இல்லாமல் போனால்?" என்று கேட்டால் "பாம்பு செத்துப்போகும்" என்பதோடு சரி. வெட்டுக்கிளி பெருகும், புல் குறையும் என்று இந்தப் பக்கம் யாரும் யோசிப்பதில்லை. பிள்ளைகளை உயிரினங்களாக நிறுத்தி நூலால் இணைக்கும் நூல்கண்டு வலை விளையாட்டும் கூச்சலில் முடிகிறது. ஆய்வகம் கிடையாது. வெளியே சாலையோரம், பக்கத்தில் ஒரு அவரைத் தோட்டம், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

எருக்கம்பூ:
டீச்சர், சாலையோரம் எருக்கு இருக்குமே, அது ஒன்றே போதும். மழைக்குப் பின் புதுத்துளிர் விட்ட செடிகளாகப் பாருங்கள். செடிக்கு 5 பிள்ளைகள், காலை 9 மணிக்குள், கால் மணி நேரம். குறிப்பேட்டில் மூன்றே கேள்விகள்: யார், செடியின் எந்தப் பகுதியில், என்ன செய்கிறது? பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும்.

துளிரில் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) மொய்த்திருக்கும். அதன் கழிவான இனிப்புநீருக்கு எறும்பு வரும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். கூட்டத்துக்குள் பழுப்பேறி உப்பிப்போன அசுவினிகளைத் தேடச் சொல்லுங்கள். சிலவற்றின் மேல் வட்டமான துளை தெரியும். உள்ளே வளர்ந்த குட்டிக் குளவி துளைத்து வெளியேறிய வழி அது. லென்ஸில் இதைப் பார்த்த பிள்ளைக்கு ஒட்டுண்ணியைப் பற்றித் தனிப்பாடம் வேண்டாம்.

இலையில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு மூன்று இணை கறுப்புக் கொம்புகள் உள்ள புழு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியுடையது. நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்ட பிறகு தின்னும். எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் ஒதுக்கிவிடும். பூவுக்கு வரும் பெரிய கருவண்டு உண்மையில் மரம் துளைக்கும் தேனீ. மகரந்தம் பொட்டலமாக அதன் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

இலையைப் பறிக்க விடாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும்.

ஊத்தங்கரை செடிகொடி:
அடுத்த கட்டமாக அவரைத் தோட்டத்துக் கறுப்பு அசுவினியை வைத்துச் சோதனை செய்யலாம். மருந்து அடிக்காத கொடியாகப் பார்த்து, தோட்டக்காரரிடம் கேட்டு எடுங்கள்.

மூன்று டப்பாக்களில் தட்டைப்பயறு போட்டு, நாலைந்து இலை வந்ததும் ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தட்டில் ஒரு கல்லின்மேல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் எறும்பு ஏறாது. டப்பா நேரடியாகத் தண்ணீரில் நின்றால் வேர் அழுகிவிடும், கல் அதற்குத்தான். அசுவினி உள்ள துளிர்த் துண்டைச் செடிமேல் வைத்தால் துண்டு வாட வாட அவையே மாறிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் உறிஞ்சும் ஊசிவாய் ஒடிந்து செத்துப்போகும்.

முதல் செடியில் அசுவினி மட்டும். இரண்டாவதில் கூடவே 2 பொறிவண்டுப் புழு. மூன்றாவதிலும் அதேதான், ஆனால் தரையிலிருந்து செடிக்கு ஒரு குச்சிப் பாலம். பாலத்தின் அடியில் துளி வெல்லம், கூடிப்போனால் எறும்பு அங்கேயே நின்றுவிடும். தினமும் ஒரே நேரத்தில், நூல் கட்டிய ஒரே துளிரில் எண்ணுங்கள். நாலைந்து நாளில் இரண்டாவதில் அசுவினி நன்றாகக் குறையும். மூன்றாவதில் எறும்பு புழுவை விரட்டினால் அவ்வளவு குறையாது.

புழு முதலைக் குட்டி மாதிரி இருக்கும். பயிரைத் தின்னும் புழு என்று பிள்ளைகள் நசுக்கிவிடுவார்கள், முன்பே காட்டிவிடுங்கள். முதிர்ந்த வண்டைப் போட்டால் பறந்துவிடும். கத்தரிச் செடியிலிருந்து எடுக்கவே வேண்டாம். அங்கே இருக்கும் மங்கலான, புள்ளி நிறைந்த வண்டும் அதன் முள்முள்ளான புழுவும் இலைதின்னி.

காரிமங்கலம் கணக்கு:
நூல் விளையாட்டில் கோளாறு விதியில்தான் இருக்கிறது. எல்லோரையும் எல்லோரோடும் கட்டினால், ஒருவர் விழுந்ததும் வலை முழுக்க ஆடும். ஒன்று போனால் எல்லாம் போகும் என்ற தவறான எண்ணம் பதியும். எருக்கில் பார்த்தவற்றையே அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டுங்கள். தின்பதற்குச் சிவப்பு நூல், உதவுவதற்கு வெள்ளை. ஒருவர் விலகினால் அவர் பிடித்த நூல் மட்டும் கீழே விழும். தனக்குச் சோறு போடும் சிவப்பு நூல் எல்லாம் அறுந்தவர் மட்டும் உட்காரலாம். தன்னைத் தின்ன வந்த நூல் அறுந்தவர் கை தூக்கட்டும், அவர் பெருகுகிறார். நீங்கள் தேடிய அந்தப் பின்பக்கம் இதில்தான் பிடிபடும். ஒரு முறைக்கு 12 பேர் போதும், மற்றவர்கள் கரும்பலகையில் பதியட்டும். அம்புக்குறி உணவிலிருந்து தின்பவரை நோக்கிப் போக வேண்டும். முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் போடுவார்கள்.

பாலக்கோடு டீச்சர்:
ரொம்ப நன்றி. புரிந்ததா என்று சோதிக்க எந்தக் கேள்வி கேட்கலாம்?

எருக்கம்பூ:
பாடத்தில் இல்லாத உதாரணம் கொடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பையே எடுக்கலாம். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. அது விடும் இனிப்புநீரில் கரும்பூசணம் படர்கிறது. ஈக்களும் தேனீக்களும் மகரந்தம் சேர்க்கின்றன. சிலந்தி எல்லாரையும் பிடிக்கிறது. "பூ விரிந்திருக்கும்போது மருந்தடித்தால் யார் குறைவார், யார் பெருகுவார், காய்ப்பு என்ன ஆகும்? காரணத்தோடு எழுது." தத்துப்பூச்சியோடு நின்றால் 1 மதிப்பெண், ஈ குறைந்து காய்ப்பும் குறையும் என்று வந்தால் 3, சிலந்தியும் போவதால் தத்துப்பூச்சி திரும்பப் பெருகலாம் என்று எழுதினால் முழு 5.