தேவச சமையல்: மிளகாய் இல்லாமல் காரம் நிற்கவில்லை, மோர்க்குழம்பு திரிகிறது

தாளிப்புக்கரண்டி கேட்டது:

பன்னிரண்டு பேருக்குத் தேவச (இறந்த முன்னோருக்கான வருஷ சிராத்த) சமையல். வீட்டு வழக்கப்படி மிளகாய், தக்காளி, வெங்காயம், பூண்டு, பெருங்காயம், துவரம்பருப்பு, இங்கிலீஷ் காய் எதுவும் கூடாது. புளி கொஞ்சம் சேர்க்கலாம். பாதி அளவில் ஒத்திகை பார்த்ததில் நாலு இடத்தில் இடிக்கிறது.

மோர்க்குழம்பு கொதி வருவதற்கு முன்பே திரிந்து, தண்ணீர் வேறு திப்பி வேறாக நிற்கிறது. ரசத்தில் மிளகைக் கூட்டினால் கசப்பு, குறைத்தால் சப்பென்று இருக்கிறது. பிரண்டைத் துவையல் நாக்கை அரிக்கிறது. உளுந்து வடை எண்ணெய் குடிக்கிறது.

இன்னொன்று. "வாஸ்கோ ட காமாவுக்குப் பிறகு வந்த காய் எதுவும் தேவசத்துக்கு ஆகாது, அவ்வளவுதான் கணக்கு" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது சரியா?

கல்சட்டி:

மோர்க்குழம்பை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கமான மோர்க்குழம்பில் ஊறவைத்த துவரம்பருப்போ கடலைப்பருப்போ அரைத்துவிடுவோம். கெட்டியாக்குவது அதன் பாதி வேலைதான். தயிரில் உள்ள புரதம் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுப்பதும் அந்த மாவுதான். நீங்கள் பருப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டிருக்கிறீர்கள், அதனால்தான் திரிந்தது. பருப்புக்குப் பதில் பச்சரிசி போடுங்கள்.

பன்னிரண்டு பேருக்கு: கெட்டித் தயிர் ஒன்றேகால் லிட்டர். பச்சரிசி 2 டேபிள்ஸ்பூன், அரை மணி நேரம் ஊறட்டும். மிளகு ஒன்றரை டேபிள்ஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன், தேங்காய் ஒரு மூடி துருவியது, இஞ்சி ஒரு அங்குலம். மிளகையும் சீரகத்தையும் ஒரு ஸ்பூன் நெய்யில் லேசாகச் சூடு காட்டி, அரிசி, தேங்காய், இஞ்சியோடு வெண்ணெயாக அரைக்க வேண்டும். அரிசி நறநறவென்று இருந்தால் அடியில் போய்த் தங்கிவிடும், தயிரைக் காப்பாற்றாது.

தயிரைத் தண்ணீர் விடாமல் முதலில் கட்டியில்லாமல் கடைந்துகொள்ளுங்கள். பிறகு விழுதைக் கலந்து, அதற்கப்புறம்தான் தண்ணீர். காய் (வெண்பூசணியோ சேப்பங்கிழங்கோ) தனியாக வெந்து, தண்ணீர் வடிந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். கொதிக்கிற காயின் மேல் தயிரை ஊற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு.

சின்னத் தீ. கரண்டியை எடுக்காமல் ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டி நடுவை நோக்கி நகர ஆரம்பித்ததும் அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவே கூடாது. உப்பு இறக்கிய பிறகு. கல்சட்டியில் செய்தால் இன்னும் முன்னாலேயே, நுரை ஓரத்தில் தலைகாட்டும்போதே அணைக்க வேண்டும். கல் சூட்டை வைத்துக்கொண்டு கீழே இறக்கிய பிறகும் ஐந்து நிமிஷம் கொதிக்கவிடும். மூடி போடாதீர்கள்.

ரொம்பப் புளித்த தயிர் சீக்கிரம் திரியும். முந்தைய நாள் இரவு உறை ஊற்றியது போதும்.

ஈயச்சொம்பு:

ரசத்தில் கசப்பு வருவது மிளகு கூடியதால் இல்லை. மிளகு கருகியதாலோ, நேரம் தெரியாமல் கொதித்ததாலோ வரும். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, நெய்யில் கரையும். மணம் தருகிற எண்ணெயோ கொதிக்கக் கொதிக்க ஆவியோடு போய்விடும். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும், காரமும் கசப்பும்தான் மிஞ்சும். அதனால்தான் ஒரே பாத்திரத்தில் கசப்பாகவும் சப்பென்றும் தெரிகிறது.

அளவு: ஒரு வற்றல் மிளகாய் போடுகிற இடத்தில் அரை டீஸ்பூன் மிளகு என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேருக்கான ரசத்துக்கு மிளகு ஒன்றரை டேபிள்ஸ்பூன், சீரகம் அதில் பாதி. வறுக்க வேண்டாம். வெயிலிலோ வெறும் சூட்டிலோ ஈரம் போனால் போதும். அன்றைக்கே கொரகொரவென்று பொடியுங்கள். கடைப் பொடி வேண்டவே வேண்டாம்.

பெரிய எலுமிச்சை அளவு புளியை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, உப்பு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிஷம் ஆகும். அரை கப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, நீர்க்கக் கரைத்து விளாவுங்கள். இப்போதுதான் மிளகு சீரகப் பொடி. நுரை பொங்கி மேலே வந்ததும் அணைத்துவிட்டு, இரண்டு ஸ்பூன் நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் பொரித்துக் கொட்டி மூடிவிடுங்கள். நெய்யில் குறைக்காதீர்கள், காரத்தை நாக்கில் பரப்புவதே அதுதான். புளியே கூடாது என்கிற வீடுகளில் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவார்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அதுவும் கசக்கும்.

ஈயச்சொம்பில் வைப்பதானால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். அது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காலிச் சொம்பை ஒரு நிமிஷம் அடுப்பில் மறந்தால் அடி ஓட்டையாகிவிடும். தாளிப்பையும் வேறு கரண்டியில்தான் செய்ய வேண்டும்.

கணுநார்:

பிரண்டை அரிப்பது அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். சேனை, சேப்பங்கிழங்கு அரிப்பதற்கும் அதே காரணம்தான். முற்றாத பிரண்டையா என்று முதலில் பாருங்கள். கொடியின் நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரைதான் துவையலுக்கு. நகத்தால் கிள்ளினால் டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் முற்றல்.

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை வெட்டி எறிந்துவிட்டு, நாலு மூலையிலும் ஓடும் நாரை உரித்துவிடுங்கள். ஒரு கப் நறுக்கிய பிரண்டைக்கு உளுத்தம்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், தேங்காய் 2 டேபிள்ஸ்பூன், நெல்லிக்காய் அளவு புளி, ஒரு சிறு துண்டு இஞ்சி. உளுந்தையும் மிளகையும் தனியே சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிரண்டையை வதக்குங்கள். பச்சை நிறம் மங்கிப் பழுப்புப் பச்சையாக மாறி, துண்டுகள் சுருங்கும் வரை. எட்டு நிமிஷமாவது ஆகும். நிறம் இன்னும் பளிச்சென்று இருந்தால் அரைக்காதீர்கள். நீங்கள் அவசரப்பட்ட இடம் அநேகமாக இதுதான். புளியைக் குறைக்கவும் வேண்டாம், அது ருசிக்காக மட்டும் போடுவதில்லை.

சேனை போடுகிறீர்களா? புதிதாகத் தோண்டியதைவிட வீட்டில் சில வாரம் கிடந்தது அரிப்பு குறைவு. புளித்தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துவிட்டுக் கறி பண்ணுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

வாஸ்கோ ட காமா கணக்கு பாதிதான் சரி.

சரியான பாதி இது. 1498இல் அவர் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்த்துகீசியர் வழியாகத்தான் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் இங்கே வந்தன. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, சீத்தாப்பழம், பப்பாளி எல்லாம் அந்தக் கூட்டம். அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகு, திப்பிலி, சுக்கு. சங்கப் பாட்டில் மிளகுக்குப் பெயர் கறி. முசிறியில் யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்புகிறது என்கிறது அகநானூறு 149. புதிதாக வந்த காய்க்கு 'மிளகு காய்' என்று பழைய காரத்தின் பெயரையே ஒட்டி மிளகாய் ஆக்கிவிட்டோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் இன்றைக்கும் மிளகு, சீரகம், சுக்குதான். பூரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்திலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது.

இனி இடிக்கிற பாதி. துவரை இந்த மண்ணின் பயிர். முருங்கையும் கத்தரியும் அப்படியே. உங்கள் பட்டியலில் துவரை விலக்கு, பல வீடுகளில் முருங்கையும் கத்தரியும் விலக்கு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது, அதைப் பல வீடுகளில் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பறங்கிக்காய் தன் பெயரிலேயே பறங்கியைச் சுமந்துகொண்டு சில வீட்டு இலையில் வந்து உட்காருகிறது. வெங்காயமும் பூண்டும் இங்கே மிகப் பழையவை. அவற்றை விலக்கியது ஊர் பார்த்து அல்ல. மனுஸ்மிருதி ஐந்தாம் அத்தியாயத்திலேயே இரண்டுக்கும் தடை இருக்கிறது. மிளகாய் ஆகாது என்று சொல்லிவிட்டு வடையைச் சூரியகாந்தி எண்ணெயில் பொரிப்பவர்களும் உண்டு. சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி!

சைவமாக இருப்பதே இந்தச் சடங்கில் பிற்பாடு வந்ததுதான். மனுஸ்மிருதி மூன்றாம் அத்தியாயத்தில் பித்ருக்களுக்கு, அதாவது முன்னோருக்கு, எதைக் கொடுத்தால் எத்தனை நாள் திருப்தி என்று ஒரு கணக்கு வருகிறது. எள், நெல், பார்லி, உளுந்து, கிழங்கு, பழம் கொடுத்தால் ஒரு மாதம். மீன் இரண்டு மாதம், மான் இறைச்சி மூன்று, செம்மறியாட்டு இறைச்சி நான்கு என்று ஏறிக்கொண்டே போகும். பாகவதம் ஏழாம் ஸ்கந்தமோ சிராத்தத்தில் மாமிசம் கொடுக்கவே கூடாது என்கிறது. கலியுகத்துக்கு ஆகாதவை என்று பிற்கால தர்மநூல்கள் போட்ட பட்டியலிலும் அது சேர்ந்தது. இறைச்சி வரிசை உதிர்ந்து போக, மேலே இருந்த அந்த ஒரு மாத வரிசை மட்டும் தங்கிவிட்டது. உங்கள் இலையில் எள்ளுருண்டையும் உளுந்து வடையும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், அதே வரிதான்.

ஆகவே தேதியை வைத்துக் காய் பொறுக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சடங்கு நடத்திவைக்கும் வாத்தியாரிடமும் கேட்டுவிடுவது உத்தமம். ஐயர் வீட்டுப் பட்டியலும் ஐயங்கார் வீட்டுத் தளிகைப் பட்டியலுமே ஒன்றாக இருப்பதில்லை.

தாளிப்புக்கரண்டி:

எல்லோருக்கும் நன்றி. பச்சரிசி போட்டதும் மோர்க்குழம்பு நின்றுவிட்டது. வடை இன்னும் பாக்கி. அரை கிலோ உளுந்து, மூன்று மணி நேரம் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்தேன்.

கல்சட்டி:

மூன்று மணி நேரமும் தப்பு, மிக்ஸியும் தப்பு. உளுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வாணலியில் அந்தத் தண்ணீர் வெளியேறுகிற இடத்தில் எண்ணெய் ஏறும். மிக்ஸி சூட்டில் மாவு இளகும். கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து இருபத்தைந்து நிமிஷம் அரையுங்கள். ஊற்றக்கூடாது, தெளிக்க வேண்டும். துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும்.

உப்பு போட்டால் மாவு நீர்க்கும், ஆகவே எண்ணெய் காய்ந்த பிறகே உப்பு. மிளகு ஒன்றரை டேபிள்ஸ்பூன், ஒன்றிரண்டாகப் பொடித்தது. முழு மிளகு எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும். தீ மிதமாக இருக்கட்டும். சூடு போதாவிட்டால், மாவு எவ்வளவு சரியாக இருந்தாலும் வடை எண்ணெய் குடிக்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு வடைக்கு மேல் போட்டாலும் எண்ணெய் ஆறிவிடும். ஏற்கெனவே இளகிய மாவு கையில் இருந்தால் ஒரு ஸ்பூன் பச்சரிசி மாவு தூவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓரளவு தேறும், ஆனால் வடை கொஞ்சம் கெட்டியாகத்தான் வரும்.