கழற்றும் நேரம்தான் கண்டம்

பினாங்கு, வார்டு தாதி:

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அடுத்த வாரமே என்னைக் கோவிட் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பட்டர்வொர்த்திலிருந்து வேலைக்குப் போகும்போது பினாங்குப் பாலத்தில் என் காருக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் இல்லை. வழக்கமாக அந்த நெரிசலைத் திட்டிக்கொண்டே போகிறவள் நான்.

முதலில் என்95 என்கிற முகக்கவசம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்தார்கள். தலைக்கு மேல் முக்காடு மாதிரி ஒன்றை மாட்டி, உள்ளே கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். குனி, திரும்பு, பேசு என்பார்கள். நாக்கு கசந்தால் கவசம் பொருந்தவில்லை என்று அர்த்தம். 0.3 மைக்ரான் துகளில் 95 விழுக்காட்டையாவது பிடித்துவிடும் என்பதெல்லாம் சரி, கன்னத்தோரம் இடைவெளி விழுந்தால் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வரும். எனக்கு முதல் கவசம் தோற்றது. மதியம் வரைக்கும் வாயெல்லாம் பாகற்காய். வேறு அளவு கொடுத்த பிறகுதான் சரியானது.

எங்கள் அட்டெண்டன்ட் தம்பி ஒருவர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்திருந்தார். தாடி இருந்தால் கவசத்தின் விளிம்பு தோலில் படியாது. எதைப் போட்டாலும் கசக்குது என்றார். தண்ணீர்மலை முருகன் கோயிலும் அப்போது பூட்டியிருந்தது. மறுநாள் மழமழவென்று வந்து நின்றார். “முடிய மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன்க்கா. கோயில் தொறக்கட்டும்” என்றார்.

கவசம், மேலங்கி, கையுறை எல்லாம் போடும்போது யாரும் அசட்டையாக இருக்க மாட்டோம், பயம் இருக்கிறதே. கழற்றும்போதுதான் கண்டம். நான்கு மணி நேரம் தண்ணீர் இல்லாமல், கழிப்பறை போகாமல், உள்ளாடை வரை நனைந்து வெளியே வந்தால் எல்லாவற்றையும் உரித்து எறிந்துவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். கையுறையைக் கழற்றிக் கையைக் கிருமிநாசினியால் தேய்க்க வேண்டும். மேலங்கியை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி எடுத்துவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். ஃபேஸ் ஷீல்டுக்கும் அதே கதை. என்95 கடைசியில், அதுவும் அறையை விட்டு வந்து கதவைச் சாத்திய பிறகு. கீழ் வாரை முதலில் எடுக்க வேண்டும், மேல் வாரை அப்புறம். முன்பக்கத்தில் விரல் படவே கூடாது.

இதைப் பார்த்துக்கொள்ளவே ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார். எங்களுக்கு ஒரு மலாய் சீனியர், நாங்கள் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறவர். ஓர் இரவு ஷிஃப்ட் முடிவில் கண் அரித்து என் கை தானாக மேலே போனது. “தாங்கான்!” என்று கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். மலாயில் தாங்கான் என்றால் கை. கையைப் பார் என்கிறார். பிறகு ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அந்த இடத்தில் ஆள் நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இவ்வளவு செய்தும் எங்களில் நான்கு பேருக்குத் தொற்று வந்தது. யார் யாரைத் தொட்டோம் என்று சிஸ்டர் எழுதிப் பார்த்தார். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு நோயாளிகூட இல்லை. பொதுவாக இருந்தது நாங்கள் சாப்பிடுகிற பேன்ட்ரி மேசை ஒன்றுதான். சன்னல் இல்லாத அறை, பொட்டலம் கட்டி வாங்கி வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, எல்லோருடைய கவசமும் தாடையில். அங்கேதான் வாய்விட்டுச் சிரிப்போம்.

கோலாலம்பூர், துப்புரவுப் பணியாளர்:

அக்கா, எங்களுக்கு அந்தக் கசப்புச் சோதனையே கிடையாது. நான் குத்தகைக் கம்பெனி ஆள். நோயாளி டிஸ்சார்ஜ் ஆன அறையைக் கழுவ அனுப்பும்போது சாதா முகக்கவசமும் டாக்டர் போடுகிற மெல்லிய கையுறையும்தான் கொடுத்தார்கள். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையை இறுக்கிக் கட்டும்போது கையுறை கிழிந்துபோகும். பையை முக்கால்வாசிதான் நிரப்பணும் என்றே யாரும் சொல்லவில்லை. நான் கழுத்துவரை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் என்னைப் பார்த்துவிட்டுத் திட்டினார், என்னையல்ல, சூப்பர்வைசரை. அப்புறம்தான் முழங்கை வரைக்கும் வருகிற தடித்த ரப்பர் கையுறையும் பூட்ஸும் வந்தன. குளோராக்ஸ் பிளீச் தண்ணியால் துடைத்த கையோடு காய்ந்த துணியை ஓட்டாதே, கொஞ்ச நேரம் ஈரமாகவே விடு என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான் அதுவரைக்கும் பளபளப்பாக இருந்தால் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

2021 பிப்ரவரி 24-இல் தடுப்பூசி தொடங்கியபோது முன்களப் பணியாளர்களுக்குத்தான் முதல் கட்டம் என்றார்கள். அதில் நாங்கள் சேர்த்தியா என்று சூப்பர்வைசரிடம் மூன்று தடவை கேட்டேன். சேர்த்திதான்.

ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்:

முகக்கவசம் என்றதும் நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் வூ லியன் தே, 1879-இல் பினாங்கில் பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. நோயாளியின் மூச்சிலிருந்தே இது பரவுகிறது என்று சொல்லி, பஞ்சை கோஸ் என்கிற மெல்லிய வலைத்துணிக்குள் வைத்து மூக்கையும் வாயையும் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் அவரைவிட மூத்தவர். சின்னப் பையன் சொல்லி நான் கேட்பதா என்று கவசமில்லாமல் வார்டுக்குப் போனார். சில நாளில் அதே நோயில் போய்விட்டார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் கட்டினார்கள்.

2003-இல் சார்ஸ் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். உலகம் முழுக்க நோய் கண்ட 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவமனை ஆட்கள், ஐந்தில் ஒருவர். கழற்றும் வரிசையைப் படமாகச் சுவரில் ஒட்டி எங்களுக்கு வகுப்பெல்லாம் எடுத்தார்கள். சில வருஷம் கழித்துச் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், படம் போனது. திரும்ப யாரும் ஒட்டவில்லை, நானும்தான்.

கோலாலம்பூர், துப்புரவுப் பணியாளர்:

அக்கா, அந்தத் தம்பி முடியைக் கோயிலில் சேர்த்தாரா?

பினாங்கு, வார்டு தாதி:

சேர்த்துவிட்டார். தாடி மட்டும் மறுபடி வளர்க்கவில்லை. கசப்புச் சோதனை எங்களுக்கு இன்னும் நடக்கிறது. “முருகனுக்கு வேற ஏதாச்சும் வேண்டிக்கிறேன்க்கா” என்கிறார்.