தலைச்சன் ஈத்து, கன்று இன்னும் சீம்பால் குடிக்கவில்லை. என்ன செய்வது?

கேள்வி

காலை 6.15-க்கு இதை எழுதுகிறேன். எங்கள் கிடேரி இன்று விடிகாலை 3.40-க்கு ஈன்றது. தலைச்சன் ஈத்து, பெண் கன்று. முன்னங்கால்களும் தலையும் சரியாகத்தான் வந்தன. கடைசியில் லேசாக இழுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். மூக்கில் இருந்த கோழையைத் துடைத்ததும் மூச்சு சீராகிவிட்டது. தாய் நன்றாக நக்கிவிட்டது. கன்று இரண்டு முறை பின்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. முட்டி மடிந்து விழுந்துவிட்டது. இப்போது படுத்திருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்க்கிறது, காதை ஆட்டுகிறது.

பிரச்சினை பால்தான். கன்றைத் தூக்கிக்கொண்டு மடிப் பக்கம் போனாலே கிடேரி உதைக்கிறது. அதனால் கையால் அரை டம்ளர் பீய்ச்சி, கன்றின் வாயைத் திறந்து ஊற்றினேன். இருமியது, மூக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குப் பால் விடவேண்டும், அவசரப்படாதே என்கிறார். கன்றின் தொப்புளில் ஒரு சாண் நீளத்துக்குக் கொடி ஈரமாகத் தொங்குகிறது, படுக்கும்போது தரையில் படுகிறது.

எங்களிடம் இருப்பதே மூன்று மாடுகள். அப்பா இருந்தவரை ஈத்து பார்ப்பது அவர் வேலை. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் இல்லாமல் நடக்கும் முதல் ஈத்து இது. மருத்துவர் மதியம்தான் வரமுடியும் என்றார். கொடி விழும்வரை காத்திருக்கலாமா, கூடாதா? எவ்வளவு பால், எப்படிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

பதில் 1

தம்பி, காத்திருக்காதீர்கள். கொடி விழுவதற்கும் கன்று குடிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. பிறந்து இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது, இப்போதே ஆரம்பியுங்கள்.

உதைக்கிற கிடேரியை ஒரு சுவரை ஒட்டி நிறுத்துங்கள். தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டி, முன்னால் கொஞ்சம் தீவனம் வையுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால், வாலை அடிப்பக்கமாகப் பிடித்து நேராக மேலே தூக்கிக்கொண்டு நிற்கட்டும். அப்படிப் பிடித்தால் பெரும்பாலும் உதைக்காது. முறுக்க வேண்டாம். தலைச்சன் மாட்டுக்கு மடி கல்லாக இறுகி வலிக்கும், கை பட்டால் கூசும், அதற்குத்தான் உதைக்கிறது. கோபப்பட்டு அடித்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மடியை ஒத்தடம் மாதிரி துடையுங்கள். காம்பைத் துடைத்துவிட்டு, முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனியாக விட்டுவிட்டு, பிறகு சுத்தமான பாத்திரத்தில் கறந்துகொள்ளுங்கள்.

கன்று என்ன எடை இருக்கும்? 25 கிலோ தீவன மூட்டையைத் தூக்கிப் பழகிய கைக்குத் தெரியும். எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் வேண்டும். 28 கிலோ கன்று என்றால் சுமார் 2.8 லிட்டர். ஒரே மூச்சில் குடிக்காது. இப்போது ஒன்று, ஒன்றரை லிட்டர் உள்ளே போகட்டும். மீதியைப் பிறந்து ஆறு மணி நேரம் ஆவதற்குள், அதாவது ஒன்பதரை மணிக்குள், கொடுத்து முடியுங்கள்.

வாயைத் திறந்து மட்டும் ஊற்ற வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் காப்பாற்றுவது கஷ்டம். கன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வையுங்கள். உங்கள் விரலைக் கழுவிப் பாலில் நனைத்து வாய்க்குள் விட்டு, மேலண்ணத்தை மெதுவாகத் தடவுங்கள். சப்ப ஆரம்பிக்கும். சப்பிய பிறகு விரலை எடுத்துவிட்டு நிப்பிள் பாட்டிலை நுழையுங்கள். தலை தோளைவிடச் சற்று மேலே இருந்தால் போதும், வானத்தைப் பார்க்கிற மாதிரி தூக்கக்கூடாது. பால் ஆறிப்போயிருந்தால் பாத்திரத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பில் நேராக வைத்தால் திரிந்துவிடும்.

வயிற்றுக்குள் பால் போனால் கன்று தானாக எழும். எழுந்த பிறகு கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் எழவே எழாது. இதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 2

நான் கால்நடை மருத்துவர். மேலே அம்மா சொன்ன எல்லாம் சரி. ஏன் அவசரம் என்பதை மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

மனிதக் குழந்தைக்குக் கருப்பையில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்விடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. அந்தப் புரதங்கள் முழுவதும் சீம்பாலில் இருக்கின்றன. அவற்றை அப்படியே ரத்தத்துக்குள் விடுகிற தன்மை கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் முழுமையாக இருக்கும். மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். நாளைக்கு ஐந்து லிட்டர் கொடுத்தாலும் இன்று காலை கொடுக்கும் இரண்டு லிட்டருக்கு ஈடாகாது. தாயின் முதல் கறவையில்தான் அந்தப் புரதம் அதிகம், அதனால் முதல் கறவையை வீணாக்காமல் கன்றுக்கே கொடுங்கள்.

கொடி விஷயத்தில் பெரியவர் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் உடம்பு வேலை செய்கிறது. கன்று காம்பைச் சப்பும்போதும் நீங்கள் கறக்கும்போதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். பாலை இறக்குவது அதுதான், கருப்பையைச் சுருங்க வைப்பதும் அதுதான். கொடி பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். தொங்குவதைப் பிடித்து இழுக்காதீர்கள், கல்லோ செங்கலோ கட்டித் தொங்கவிடாதீர்கள். 12 மணி நேரம் தாண்டினால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுந்ததும் மாடு தின்றுவிடாமல் எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

தொப்புள் கொடி தரையில் படுகிறது என்றீர்கள், அதை இப்போதே பாருங்கள். வயிற்றிலிருந்து நாலு விரல் விட்டு, கொதிக்கவைத்த நூலால் கட்டி, அதற்குக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். 7 சதவீத டிங்சர் அயோடினைச் சின்ன மூடியில் ஊற்றி, கொடி முழுக்க முங்கும்படி பிடியுங்கள். பஞ்சில் தொட்டு வைப்பது போதாது. காலை மாலை என்று மூன்று நாள் செய்யுங்கள்.

ஊற்றியபோது இருமியது என்பதால் அடுத்த இரண்டு நாள் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு வேகமானாலோ, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 103 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினாலோ உடனே காட்டவேண்டும்.

கேட்டவர்

குடித்துவிட்டது! பரணில் அப்பா வைத்திருந்த நிப்பிள் பாட்டில் கிடைத்தது. ரப்பர் வெடித்திருக்குமோ என்று பயந்தேன், நல்லவேளை சரியாக இருந்தது. கொதிநீரில் போட்டுக் கழுவினேன். மனைவி வாலைப் பிடித்துக்கொண்டாள், நான் கறந்தேன். கெட்டியாக, நல்ல மஞ்சளாக இருந்தது பால். விரலை முதலில் துப்பித் துப்பித் தள்ளியது. பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தேன். அப்புறம் பிடித்தது பாருங்கள், விரலே வலித்தது. 7.10-க்கு ஒன்றேகால் லிட்டர், 9.15-க்கு இன்னொரு ஒன்றரை. இரண்டாவது தடவை நின்றுகொண்டே குடித்தது. கொடியும் பத்தரைக்கு முழுதாக விழுந்துவிட்டது. மதியம் மருத்துவர் வந்து தாயையும் கன்றையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் இன்னும் ஒன்றரை லிட்டர் சீம்பாலே கொடுக்கச் சொன்னார். கன்று தார் மாதிரி கறுப்பாக ஒட்டும் சாணி போட்டது, அதுதான் முதல் சாணி, நல்ல அறிகுறி என்றார்.

காலையில் கை நடுங்கிக்கொண்டே எழுதினேன். நீங்கள் இருவரும் எனக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

கேட்டவர், ஐந்தாம் நாள்

அக்கா, டாக்டர், மறுபடியும் தொந்தரவு. இன்று காலையிலிருந்து வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி கழிகிறது. வால் முழுக்க அப்பியிருக்கிறது. குடிக்கிறது, ஆனால் நேற்று மாதிரி முட்டி முட்டிக் குடிக்கவில்லை. பாலை நிறுத்தினால் வயிறு கட்டிவிடும் என்கிறார்கள். நிறுத்தவா?

பதில் 1

நிறுத்தாதீர்கள் தம்பி. நான் நிறுத்திய கதையைச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு கிடேரிக் கன்று, ஆறாம் நாள் கழிச்சல். பால்தான் காரணம் என்று நினைத்து இரண்டு நாள் பாலை நிறுத்தி வெறும் தண்ணீர் கொடுத்தேன். கழிச்சல் குறைந்த மாதிரி இருந்தது; உள்ளே ஒன்றும் இல்லை, அதனால் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் வாய்க்குள் விரலை விட்டேன், ஜில்லென்று இருந்தது. மருத்துவர் வருவதற்குள் போய்விட்டது. கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து போகிற நீரும் உப்பும்தான் என்று பிறகுதான் அவர் விளக்கினார். நான் அதோடு பட்டினியும் போட்டிருக்கிறேன். அந்தக் கன்றை நினைக்காமல் இன்றுவரை ஒரு ஈத்தும் பார்த்ததில்லை.

பால் வழக்கம்போலக் கொடுங்கள், ஒரு வேளைக்கு அளவைக் கொஞ்சம் குறைத்து வேளையைக் கூட்டுங்கள். நடுவில், பால் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, கன்றுக்கான எலக்ட்ரோலைட் பவுடரைப் பாக்கெட்டில் போட்ட அளவுப்படி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பாலோடு கலக்க வேண்டாம்.

கன்று படுக்கிற இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். துணி நனைந்தால் கன்றும் நனைந்துகொண்டேதான் படுத்திருக்கிறது. அந்த வைக்கோல் முழுவதையும் அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள்.

பதில் 2

கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விடுங்கள். இரண்டு வினாடிக்குள் படிந்துவிட்டால் வீட்டிலேயே சமாளிக்கலாம். அதற்கு மேல் நின்றால், கண் உள்வாங்கியிருந்தால், விரலைச் சப்பாவிட்டால், எழ முடியாமல் கிடந்தால் தாமதிக்க வேண்டாம், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றவேண்டும். சாணியில் ரத்தம் தெரிந்தாலும், ஜுரம் இருந்தாலும் அதே அவசரம்தான். ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பல கழிச்சல்களுக்குக் காரணம் வைரஸ், அதற்கு அது உதவாது. கன்றைத் தொட்ட கையோடு மற்ற மாடுகளிடம் போகாதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் சில தொற்றும்.

கேட்டவர், பன்னிரண்டாம் நாள்

தோல் சட்டென்று படிந்தது, கண்ணும் தெளிவாக இருந்தது, அதனால் வீட்டிலேயே பார்த்தோம். மூன்று நாளில் சாணி கெட்டியாகிவிட்டது. அக்கா சொன்னபடி முட்டி போட்டுப் பார்த்தேன், பேன்ட் சொதசொதவென்று நனைந்துவிட்டது. மேலே காய்ந்து தெரிந்த வைக்கோலுக்கு அடியில் தாயின் மூத்திரம் வழிந்து தேங்கியிருந்திருக்கிறது. கன்றை மேட்டுப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டேன். தொப்புள் காய்ந்து விழுந்துவிட்டது, தொட்டால் வீக்கமோ சூடோ இல்லை. கிடேரி இப்போது உதைப்பதில்லை, கன்று முட்டும்போது திரும்பி நக்குகிறது.

பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் வைக்கவேண்டுமா?

பதில் 1

வையுங்கள், இன்றே. கழுவிய வாளியில், தினமும் மாற்றி. கூடவே ஒரு கைப்பிடி கன்றுத் தீவனம், ஈரம் படாமல். முதல் நாள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பால் குடித்து முடித்ததும் வாய் ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் எடுத்து நாக்கில் தடவிவிடுங்கள், நாலைந்து நாளில் அதுவாகத் தேடி வரும்.