பால்வாடி நோட்டில் இருப்பது ஒன்றாம் வகுப்புக்கு வந்து சேர என்ன செய்கிறீர்கள்?

கடற்கரைப் பள்ளி டீச்சர்:

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருஷம் நடந்த ஒன்று இன்னும் மனதை அறுக்கிறது.

ஒரு பையன். ஜூனில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. 'ப' எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டால் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். கூச்சம் என்று நினைத்துவிட்டேன். 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தின் மதிப்பீட்டில் அரும்பு நிலை, அதாவது ஆகக் கீழ்நிலை, என்று பதிந்து அந்தக் குழுவில் உட்கார வைத்தேன். ஓணம் முடிந்த வாரம் பால்வாடி டீச்சர் ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்தார். அவனைப் பார்த்ததும் வலது பக்கமாகப் போய்க் குனிந்து, "மக்களே, காது இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "வலிக்கல்ல டீச்சர்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று வயதிலேயே இடது காதில் சீழ் வடிந்ததை அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பால்வாடிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவும் பார்த்துச் சீட்டு கொடுத்திருக்கிறது. அம்மாவுக்கு அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை, அப்பா ஆழ்கடலில். விடாமல் கூட்டிப்போக ஆளில்லை. அந்த ஒரு வரி என் கைக்கு வந்திருந்தால் முதல் நாளே அவனுடைய வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருப்பேன்.

பால்வாடியில் எடுக்கும் எடை, உயரம் போஷன் டிராக்கர் என்ற செயலியில் ஏறுகிறது. எங்களுடையது எமிஸ், பள்ளி மாணவர் விவரத் தளம். அது சமூக நலத் துறை, இது பள்ளிக் கல்வித் துறை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்புதான். மேலிருந்து வழி வரும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. ஊரளவில் யாராவது சேர்த்து வைத்துப் பார்க்கிறீர்களா? எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது?

மலையோரப் பால்வாடிப் பணியாளர்:

டீச்சர், நான் பேச்சிப்பாறை பக்கம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் குடும்பங்கள்தான் அதிகம். பள்ளி திறந்த வாரம் என் நோட்டோடு ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய் உட்காருவேன். ரெஜிஸ்டரை அப்படியே காப்பி எடுத்துக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. எடை 13 கிலோ என்று பார்த்தால் உங்களுக்கு என்ன விளங்கும்? ஆறு மாசமாக ஏறவில்லை என்பதல்லவா சேதி! காது, கண், எடை ஏறுகிறதா, வீட்டில் என்ன பேச்சு, காலையில் யார் கொண்டுவந்து விடுவது. இந்த ஐந்தையும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்வேன்.

ஒரு தடவை முந்திரிப் பழப் படத்தைப் பார்த்துப் பிள்ளை 'கொல்லாம்பழம்' என்றது. வெளியூர் டீச்சர், தெரியவில்லை என்று குறிக்கப் போனார். எங்கள் ஊரில் முந்திரிப் பழத்துக்கு அதுதான் பேர் என்று பக்கத்தில் இருந்ததால் நான் சொன்னேன்.

இன்னொன்று. நாங்கள் அனுப்பும் பிள்ளைகள் எதில் தடுமாறுகிறார்கள் என்று எங்களுக்கும் திரும்பிச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்க வரவில்லை என்று டிசம்பரில் டீச்சர் சொன்னார். அதிலிருந்து களிமண் உருட்டுவதையும் மணி கோப்பதையும் தினமும் வைக்கிறேன்.

தூத்தூர் பக்கத்து அம்மா:

செய்யுங்கள் டீச்சர், ஆனால் எங்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் மகள் படித்த இடத்தில், படிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அவள் பெயர் மூன்றாவது. அப்புறம் தெருப்பிள்ளைகள் 'அரும்பு' என்றே அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. சட்டம் இருக்கட்டும், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை?

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள். அப்போது கூப்பிட்டால் அப்பாமாரும் வருவார்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கல்குளம்:

அந்த அம்மா சொல்வது ரொம்பச் சரி. பெயரோடு பேசுவது இரண்டு டீச்சர்களும் பெற்றோரும் மட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் எண்ணிக்கை போதும்: காது எத்தனை பேருக்கு, கண் எத்தனை பேருக்கு. கிராம சுகாதார செவிலியரையும் அழையுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது வருகைப் பதிவையும் முகவரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அடிக்கடி வராத பிள்ளைகள் எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் தடிப்பாலம் முங்கிவிடும். அதுவரை 'ஆர்வமில்லை' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம்.

கடற்கரைப் பள்ளி டீச்சர்:

நன்றி. தடைக்காலம் எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஜூனில் முதல் இரண்டு வாரத்துக்குள் பெற்றோரை வைத்தே பால்வாடி டீச்சரோடு உட்காரப் போகிறேன். வாட்ஸ்அப்பில் எதுவும் போகாது.

பையனை ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் காட்டி மருந்து போகிறது. 'ப', 'ம' இரண்டையும் இப்போது பிரித்துச் சொல்கிறான்.

அக்கா, அந்த ஐந்து கேள்வி எழுதிய நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட முடியுமா? பிள்ளைகள் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.