குந்தா நீரேற்று மின் திட்டங்கள்: உள்ளூர் மக்கள் எந்தப் பங்கைக் கேட்க வேண்டும்?

குந்தைப் பெண்:

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியின் குந்தா பகுதியில், எமரால்டு அணைக்கு மேலே உள்ள ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் காரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. போர்த்திமந்து அணையை மேல் நீர்த்தேக்கமாகவும் அவலாஞ்சி, எமரால்டு அணைகளைக் கீழ் நீர்த்தேக்கமாகவும் கொண்டு 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டத்தின் பணிகள் எங்கள் பகுதியில் நடந்து வருகின்றன. அப்பர் பவானியிலும் சில்லஹல்லாவிலும் தலா 1000 மெகாவாட் திட்டங்கள் உத்தேசிக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம், நிலத்துக்கு நல்ல விலை, வீட்டுக்கு ஒரு வேலை என்ற இரண்டு கோரிக்கைகளோடு பேச்சு நின்றுவிடுகிறது.

எனக்கு அது போதவில்லை. கடந்த தென்மேற்குப் பருவமழையில் எங்கள் வீட்டில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவதற்காக அப்பா ஊட்டி வரை பேருந்தில் சென்று வந்தார். அந்த மூன்று நாட்களும் எங்கள் காரட் தோட்டத்துக்கு மேலே செல்லும் உயரழுத்தக் கம்பிகள் மூடுபனிக்குள் இரைந்துகொண்டேதான் இருந்தன. நிலம் கொடுத்தவருக்கு ஒரு முறை பணம் கொடுப்பது இழப்பீடு. அணை இருக்கும் காலமெல்லாம் ஊருக்கு ஏதேனும் வந்துகொண்டே இருப்பதுதான் பங்கு என்று நான் நினைக்கிறேன். அப்படி ஒரு பங்கைக் கேட்க வழி உண்டா? உண்டென்றால் எந்த வடிவில் கேட்பது?

ஓய்வுபெற்ற பணியாளர்:

அம்மா, நான் நீர்மின் நிலையம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன். உங்கள் தோட்டத்துக்கு மேலே இரைவது சமவெளிக்குச் செல்லும் தடம். உங்கள் வீட்டுக்கு வருவதோ துணை மின்நிலையத்திலிருந்து கற்பூர மரங்களுக்கும் சீகை மரங்களுக்கும் நடுவே வளைந்து வரும் கிளைத் தடம். ஒரு மரம் சாய்ந்தால் அது அறுந்துவிடும். மண்சரிவு ஏற்பட்டால் கம்பமே போய்விடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இலவச மின்சாரத்தை அன்று. மழைக்காலத்திலும் அறுபடாத தடத்தைக் கேளுங்கள். காட்டுப் பகுதியில் புதைவடமோ உறையிட்ட கம்பியோ அமைப்பதற்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லலாம். இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் மாநிலம் முழுவதற்கும் கிடைக்கிறது. அதை மலைக்கான பங்காக யாரும் காட்ட முடியாது.

அடுத்தது, மிகவும் முக்கியமானது. நீரேற்று நிலையம் பைக்காரா நீர்மின் நிலையத்தைப் போன்றதன்று. 1932 முதல் பைக்காராவில் விழும் நீர் மின்சாரமாகி வருகிறது. கோவைப் பஞ்சாலைகள் பெருகியது அந்த மின்சாரத்தால்தான். நீரேற்று நிலையமோ, மின்சாரம் மிகுதியாகவும் மலிவாகவும் இருக்கும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில் அதே நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறது. ஏற்றுவதற்கு நான்கு யூனிட் செலவிட்டால் ஏறத்தாழ மூன்று யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். கணக்கில் அது உற்பத்தி நிலையமன்று, சேமிப்புக் கிடங்கு. இதைக் காரணமாகக் காட்டியே, நீரேற்றுத் திட்டங்களுக்கு இலவச மின்சாரம் வழங்கும் கடமை கூடாது என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. எனவே, 'உற்பத்தியில் இத்தனை சதவீதம்' என்று எழுதிக் கொடுத்தால் மனு முதல் பக்கத்திலேயே தள்ளுபடியாகிவிடும். 'நிறுவப்பட்ட ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்' என்று கேளுங்கள். சுழலி ஓடினாலும் நின்றாலும் அந்தத் தொகை மாறாது.

மலை வழக்குரைஞர்:

ஐயா கூறியதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 2008ஆம் ஆண்டின் தேசிய நீர்மின் கொள்கை, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத இலவச மின்சாரத்தையும், அதற்கு மேல் உள்ளூர் மேம்பாட்டு நிதிக்கென 1 சதவீதத்தையும் வகுத்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 100 யூனிட் வீதம் பத்து ஆண்டுகள் வழங்க வேண்டும் என்றும் கூறியது. ஒரு நிலையம் ஆண்டுக்குப் பத்துக் கோடி யூனிட் தருகிறது, யூனிட் 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த 1 சதவீதம் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாயாகிறது. ஒரு பள்ளத்தாக்கின் குடிநீர்க் குழாய்களையும் நடைபாதைகளையும் பராமரிக்க இது சிறு தொகையன்று. ஆனால், பத்து ஆண்டு என்ற வரம்பை நான் ஏற்கவில்லை. பைக்காரா தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் ஓடுகிறது. நார்வேயில் நீர்மின் நிலையம் அமைந்த ஊராட்சிகள் அதன் மின்சாரத்தில் 10 சதவீதம் வரை அடக்க விலைக்குப் பெறும் உரிமையை உரிமத்தின் நிபந்தனையாகவே வைத்திருக்கிறார்கள். அரசாணையில் வரும் சலுகையை அடுத்த அரசாணை எடுத்துவிடலாம். உரிமத்தில் எழுதப்பட்ட நிபந்தனையை அவ்வளவு எளிதில் எடுத்துவிட முடியாது.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் கவனியுங்கள். இத்தலார், முள்ளிகூர் ஆகியவை ஊராட்சிகள் என்பதால் அங்கே கிராம சபையில் தீர்மானம் போடலாம். கீழ்குந்தாவும் பிக்கட்டியும் பேரூராட்சிகள். அங்கே ஊராட்சிச் சட்டத்தின்படியான கிராம சபை கிடையாது. பழங்குடியினருக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் தமிழ்நாட்டில் இல்லை. பழங்குடியினருக்குக் கையில் இருப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கு முன் அவர்களுடைய சபையின் ஒப்புதலை அதன் வழியாகத்தான் கோர முடியும்.

தோட்டத்துப் பிள்ளை:

இதுவரை எழுதியவர்கள் 'ஊர்' என்று சொல்லும்போது யாரையெல்லாம் சொல்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். என் தாத்தா 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், இருபது வீடுகள் இருக்கின்றன, ஒன்றுக்கும் பட்டா இல்லை. அணைப் பணி முகாம்களில் பிறந்து அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் பட்டா இல்லை. பில்லூர் அணைக்குக் கீழே பவானி ஆற்றோரத்தில் வாழும் இருளர்கள் நீர் திறந்துவிடும் நேரம் தெரியாமல் ஆற்றைக் கடக்க அஞ்சுகிறார்கள். அவர்கள் நிலம் எதுவும் மூழ்காததால் எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. பட்டாவை அளவுகோலாக வைத்தால் பங்கு நிலமுள்ளவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். குடும்ப அட்டையை அளவுகோலாக வைத்து, அணைக்குக் கீழே உள்ளவர்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

குந்தைப் பெண்:

மூவருக்கும் நன்றி. ஆற்றோரத்தில் இருப்பவர்களை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை; அது என் தவறு. அக்டோபர் 2 கிராம சபைக்கு மூன்று கோரிக்கைகளை எழுதிக்கொண்டு போகிறேன். மெகாவாட் கணக்கில் ஆண்டுத் தொகை, அதுவும் திட்டம் இயங்கும் காலம் முழுவதும். காட்டுத் தடத்தைப் புதைவடமாக மாற்றுவது. குடும்ப அட்டை உள்ள எல்லா வீடுகளையும், பேரூராட்சிப் பகுதியையும் ஆற்றோரத்தையும் சேர்த்துக்கொள்வது. நான்காவதாக, நீர் திறப்பதற்கு முன் ஒலிக்கும் சங்கு பில்லூருக்குக் கீழே உள்ள ஆற்றோரத்திலும் கேட்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாமா, அல்லது அதைத் தனி மனுவாகக் கொடுப்பது நல்லதா என்று வழக்குரைஞர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.