கிண்டிலில் பக்கம் தானாக ஓடியது: உங்கள் சார்ஜர் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இரவுவாசகி
என்னிடம் இருப்பது 2018 பேப்பர்வைட் கிண்டில், மின்நூல் படிக்கிற கருவி, சார்ஜ் போடும் துளை பழைய மைக்ரோ யூஎஸ்பி. ஊருக்குப் போனபோது அடாப்டரை மறந்துவிட்டேன். பேருந்து நிலைய வாசலில் ஒரு தள்ளுவண்டியில் 80 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ராத்திரி செருகிவிட்டு நாலு பக்கம் படிக்கலாம் என்று கையில் எடுத்தால், பக்கம் தானாகத் திரும்புகிறது. நான் திரையைத் தொடவே இல்லை. 212-இல் இருந்தேன், 230-ஐத் தாண்டிப் போகிறது, நடுவில் அகராதிப் பெட்டி திறந்து மூடுகிறது. பயந்துபோய் கேபிளைப் பிடுங்கினேன், முனையில் இருக்கும் தகரத்தில் விரல் பட்டது, எறும்புக் கூட்டம் கடித்த மாதிரி சுருக்கென்று ஏறியது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றிருந்தேன். பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், ஏழு வயது. வீட்டில் தினமும் கிண்டிலைச் சார்ஜில் போடுவது அவள்தான். அதை நினைத்தால் இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது வீட்டில் இருப்பது பையனின் போனுக்கு வந்த 33 வாட் சார்ஜர். அதைப் போடலாமா?

மலைக்கோட்டை
போடவே போடாதீர்கள் அக்கா. நான் பட்டவன். போன வருடம் இதே மாதிரி வேக சார்ஜரில் என் கிண்டிலைப் போட்டேன், இரண்டே வாரம். ஒரு நாள் காலையில் எடுத்தால் பின்பக்கம் லேசாக உப்பி, மூடி விளிம்பில் நகம் நுழைகிற அளவு இடைவெளி. மேசையில் வைத்தால் ஆடியது. ஆறு வருடமாக என்னோடு இருந்த கருவி, அதில் அடிக்கோடு போட்டு வைத்த புத்தகங்கள் எத்தனையோ. 33 வாட்டை அவ்வளவு சின்ன பேட்டரி எப்படித் தாங்கும்? 5 வாட்டுக்கு மேல் போகாதீர்கள்.

பழைய லைன்மேன்
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் காரணம் அதுவல்ல என்று நினைக்கிறேன். மின்வாரியத்தில் 30 வருடம் வேலை பார்த்தவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் கரண்டைத் தள்ளாது, கருவி தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுதானே வரும்? அந்த 33 வாட் சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் பாருங்கள், 5 வோல்ட் ஒரு வரி, 9 வோல்ட் ஒரு வரி என்று தனித்தனியாக இருக்கும். ஒழுங்கான சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். எதிரில் இருக்கும் கருவி கேட்டால்தான் 9-க்கு ஏறும். பழைய கிண்டிலுக்குக் கேட்கவே தெரியாது, அதனால் 5-லேயே நிற்கும். ஆறு வருடமான லித்தியம் பேட்டரி வயசாலும் சூட்டாலுமே உப்பும், எந்தச் சார்ஜரில் போட்டிருந்தாலும் அது நடந்திருக்கலாம். உப்பியதை மட்டும் அழுத்தி மூடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

அம்மா, உங்களுக்கு நடந்ததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சுவரில் வருவது 230 வோல்ட். சார்ஜருக்குள் அந்தப் பக்கமும் நம் கை படுகிற 5 வோல்ட் பக்கமும் ஒன்றையொன்று தொடவே கூடாது, நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் காவல் நிற்கிறது. மலிவுச் சரக்கில் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்றுக்கு மேல் காப்பாகச் சுற்றுகிற நாடாவைக் குறைப்பார்கள், சர்க்யூட் பலகையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியைக் குறைப்பார்கள், இரண்டையும் இணைக்கிற கெபாசிட்டர் என்ற சின்ன உறுப்பில் தரமில்லாததைப் போடுவார்கள். அந்தக் கெபாசிட்டர் வழியாக நல்ல சார்ஜரிலும் துளி கசியும், அது மிகச் சின்ன அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் விரலில் சுருக்கென்று ஏறியது இப்படி அளவுக்கு மேல் கசிந்ததாக இருக்கலாம். பக்கம் தானாக ஓடியதும் இதே குடும்பத்துக் கோளாறுதான்: அழுக்குக் கரண்ட் உள்ளே போனால் திரை விரல் பட்டதாக நினைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள். பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரைக்குக் கீழே ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்தால் யார் தயாரித்தது, என்ன பொருள் என்று வரும். அடாப்டருக்கு இந்தப் பதிவு இந்தியாவில் கட்டாயம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடக்கூடாது. ஈரக் கை கூடாது. குழந்தையிடம் சொல்லி வையுங்கள், முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும் என்று.

கோவை வாசகன்
ஐயா சொல்வது சரி, ஆனால் கேபிளை விட்டுவிட்டீர்கள். 2016-இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் கடைகளில் விற்ற டைப் சி கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு கேபிளில் பாசிட்டிவ் கம்பியும் நெகட்டிவ் கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தது, செருகியவுடன் அவருடைய லேப்டாப்பே போய்விட்டது. சார்ஜர் நல்லதாக இருந்து என்ன பயன்?

என் கதை வேறு. புதிதாக ஒரு டைப் சி ரீடர் வாங்கினேன், இரண்டு முனையும் சி உள்ள கேபிளில் போட்டால் சார்ஜே ஏறாது. சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்ற வேண்டும் என்று 4,000 ரூபாய் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பழைய தட்டை முனைக் கேபிளில் செருகினேன், ஆரஞ்சு விளக்கு எரிந்தது! கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை, அதாவது ஒரு சின்ன மின்தடையை, தயாரிப்பாளர் விட்டுவிட்டால் சி சார்ஜர் எதிரில் யாரும் இல்லை என்று நினைத்துக் கரண்டையே விடாது. அந்தக் கவுண்டரில் ஒருவர்கூட வேறு கேபிளைச் செருகிப் பார்க்கவில்லை, அதுதான் இன்றும் ஆறவில்லை.

ரயில்வாசகி
பவர் பேங்கில் போட்டவர்கள் யாராவது உண்டா? எனக்கு இருபது நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. சென்னை போகும்போது விடிய விடிய ஏறும் என்று நம்பிப் படுத்தேன், காலையில் 9 சதவீதம். பெர்த் பக்கத்து பிளக்கும் ராத்திரி 11 மணிக்கு மேல் வேலை செய்யவில்லை.

பழைய லைன்மேன்
ரீடர் இழுப்பது கொஞ்சம், பவர் பேங்க் வேலை முடிந்துவிட்டது என்று அணைந்துவிடும். சில பவர் பேங்கில் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் குறைந்த கரண்டிலும் விடாமல் ஓடும். ரயில் பிளக்கை ராத்திரி 11-லிருந்து காலை 5 வரை அணைப்பது தீ விபத்துப் பயத்தால், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மலைக்கோட்டை
ஐயா, வயசு என்கிறீர்கள், சரி. ஆனால் ஆறு வருடம் உப்பாதது அந்த இரண்டு வாரத்தில் ஏன் உப்பியது? என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பழைய லைன்மேன்
அந்தச் சார்ஜரின் முத்திரை எண்ணைப் பார்த்தீர்களா தம்பி?

மலைக்கோட்டை
இல்லை. கோபத்தில் அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டேன்.

இரவுவாசகி
எல்லோருக்கும் நன்றி. தள்ளுவண்டிச் சார்ஜரில் எண் இருந்தது ஐயா, செயலியில் அடித்தேன், எல்.இ.டி. பல்பு தயாரிக்கும் யாரோ ஒருவருடைய பதிவு என்று வந்தது. குறடால் உடைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு பலகை, டிரான்ஸ்ஃபார்மர் மேல் மஞ்சள் நாடா ஒரே ஒரு சுற்று, அதுவும் ஓரத்தில் பிரிந்து உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஊருக்குப் போகும்போது அந்த வண்டிக்காரரிடம் காட்ட வேண்டும்.

பையனின் சார்ஜர் எண் சரியாக வந்தது. நேற்று ராத்திரி அதில் போட்டேன். சுவிட்சை அணைத்து, கேபிளைச் செருகி, அப்புறம் சுவிட்சைப் போட்டவள் மகள்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 212-ஆம் பக்கம் அப்படியே நின்றது, விளக்கு பச்சையாகும் வரை.