நடுத்தர பிக்அப்பா, அமெரிக்கப் பெரிய பிக்அப்பா? சுங்கை சிப்புட் பக்கம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

லாசா ரோடு

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். லாசா ரோட்டிலிருந்து உள்ளே போனால் அப்பா விட்டுப் போன செம்பனை (எண்ணெய்ப் பனை) கொஞ்சம், மேட்டில் டுரியான் மரங்கள் கொஞ்சம் எங்களுக்கு இருக்கின்றன. பழைய ஃபோர்வீல் இனித் தாங்காது. வாங்கப் போவது ஒரே வண்டி. அதில் குலை ஏற்ற வேண்டும், உர மூட்டை ஏற்ற வேண்டும், அம்மாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக வேண்டும். வலது பக்கம் ஸ்டீயரிங் மாற்றிய ஃபோர்டு எஃப்-150, அமெரிக்கப் பெரிய பிக்அப் ஒன்று ஷா ஆலாம் பக்கம் விலைக்கு இருக்கிறதாம், மச்சான் தினமும் படம் அனுப்புகிறான். பெரிய வண்டி என்றால் பெரிய சுமை, தோட்டத்துக்கு அதுதான் சரி என்கிறான். எனக்கும் அந்த வண்டி பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை. விற்கிறவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டாயிற்று. ஏற்றி இறக்கிப் பார்த்தவர்கள் சொன்னால்தான் முடிவுக்கு வர முடியும்.

ரேம்ப் அண்ணன்

தம்பி, குலை வாங்கும் ரேம்பில் எடை போடுவது என் வேலை. என்ன வண்டி எவ்வளவு சுமந்து வருகிறது என்பதை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அதனால் உங்கள் மச்சானின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய வண்டி பெரிய சுமை என்பது பிக்அப் விஷயத்தில் அப்படியே செல்லாது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உட்காரும் ஆளும் ஏற்றும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். எங்கள் ரேம்புக்கு நாலு கதவு எஃப்-150 ஒன்று வந்தபோது குனிந்து படித்துப் பார்த்தேன், 800 கிலோவை ஒட்டித்தான் இருந்தது. அதே வண்டியில் ஒற்றைக் கேபின், கனமான ஸ்பிரிங் என்று தேடி எடுத்தால் அதைவிட நிறைய ஏற்றலாம், ஆனால் இந்தப் பக்கம் வந்து சேருவது எல்லாம் நாலு கதவு, தோல் சீட்டு வைத்த ரகம். நம் நடுத்தர பிக்அப்புகள் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைடன், ரேஞ்சர் எல்லாம் ஏறத்தாழ ஒரு டன் தாங்கும்படி செய்யப்பட்டவை, மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வெளியே பார்த்தால் எஃப்-150 மலை மாதிரி தெரிகிறது. ஆனால் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் 300 கிலோ அங்கேயே போய்விடும். குலை ஒன்று 20 கிலோ என்று வைத்தால் மிச்சத்தில் 25 குலை ஏற்றலாம், அவ்வளவுதான். அன்று வந்தவர் அதற்கு மேலேயும் ஏற்றியிருந்தார். பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு வானத்தைப் பார்த்தபடி எடை மேடையில் ஏறியது.

இழுக்கும் பலம் அந்த வண்டிக்கு நிறைய உண்டு, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நமக்கு இழுக்க என்ன இருக்கிறது? டிரெய்லர் கட்டிக்கொண்டு செம்பனை வரிசைக்குள் யார் போகிறார்கள், டிராக்டரைத் தவிர?

அடுத்தது அகலம். வாங்குகிறவர்கள் கடைசியில்தான் இதை யோசிக்கிறார்கள், நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஹைலக்ஸ் 1.855 மீட்டர், டிமேக்ஸ் 1.87, புது ரேஞ்சர் 1.918. எஃப்-150 கண்ணாடி இல்லாமலே 2.03, கண்ணாடியை விரித்தால் 2.4 மீட்டரைத் தாண்டும். மரத்துக்கு மரம் 9 மீட்டர் இருக்கிறதே என்று சொல்வீர்கள். அந்த 9 மீட்டரில் வெட்டிப் போட்ட மட்டை ஒரு பக்கம், பாரிட் என்கிற வடிகால் வாய்க்கால் ஒரு பக்கம், குலை அடுக்கும் திட்டு ஒரு பக்கம். மிச்சம் இருப்பது செம்மண் தடம். இந்தத் தடங்களில் பாதி, தோட்டத்துரை சீரிஸ் லேண்ட் ரோவரில் வந்து போன காலத்தில் போட்டவை. அந்த வண்டி 1.7 மீட்டருக்குள் அடங்கும்.

பாரிட்டுக்கு மேல் போட்ட பலகைப் பாலம் உங்கள் நிலத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன். சக்கரம் போகிற இடத்தில் இரண்டு வரிசை கனமான பலகை, நடுவில் ஒன்றும் இல்லை, கீழே தண்ணீர் தெரியும். அந்த இரண்டு வரிசையும் நம் வண்டிகளின் சக்கர இடைவெளிக்கு வைத்து அடித்தவை. எங்கள் பக்கம் ஒரு காண்ட்ராக்டர் பெரிய வண்டியில் வந்து இறங்கினார். டயரின் வெளி ஓரம் பலகையை விட்டு விரலளவு வெளியே தொங்கியபடி அவர் பாலத்தைத் தாண்டியதை நான் நின்று பார்த்தேன். அன்று வெயில் என்பதால் ஆச்சு, மழையில் பலகை பாசி பிடித்திருந்தால் பாரிட்டில்தான் கிடந்திருக்கும். தாண்டிய பிறகு எதிரே டிராக்டர் வந்தது, ஒதுங்க இடமில்லை, மறுபடி அந்தப் பாலத்தின் மேலேயே ரிவர்ஸ் எடுத்தார். நம் ஆட்கள் இரண்டு பேர் முன்னும் பின்னும் நின்று கைகாட்டினார்கள்.

வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால் நல்லது. தாமதமாக ஆக எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும், உதிரிப் பழமும் கூடும். எல்லாவற்றையும் ஒரே நடையில் அள்ளிப் போக வேண்டும் என்பதைவிட, மழை பெய்தாலும் கடைசி மரம் வரைக்கும் போய்த் திரும்பும் வண்டிதான் நமக்கு வேண்டும். ஒரு டன்னுக்கு மேல் அன்றாடம் வருகிறது என்றால் அதற்கு லோரி இருக்கிறது, பெரிய பிக்அப் அதற்கு விடை இல்லை.

அன்னதான அக்கா

நான் தோட்டக்காரி இல்லை தம்பி, சமையல் ஆர்டர் எடுக்கிறேன். கல்யாணம், பதினாறாம் நாள், தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் அன்னதானம் எல்லாம் செய்வோம். சாப்பாட்டு அண்டா ஏற்றுகிறவளாக ஒன்று சொல்கிறேன்.

சோறு நிறைந்த அண்டாவை இரண்டு பேர் இரண்டு பக்கம் காது பிடித்துத் தூக்குவோம். வண்டியின் பின்கதவு என் இடுப்பு உயரத்தில் இருந்தால் தூக்கி, விளிம்பில் சாய்த்து, உள்ளே தள்ளிவிடலாம். அதற்கு மேலே போனால் தோளால் தூக்க வேண்டும், சூடான சாம்பார் அலை அடிக்கும். சொந்தக்காரர் ஒருவர் பெரிய அமெரிக்க வண்டியைக் கோயில் வேலைக்கு அன்போடு கொடுத்தார். நல்ல மனுஷன், நல்ல வண்டி, உள்ளே ஏர்கான் ஐஸ் மாதிரி. ஆனால் பக்கவாட்டு உயரம் என் நெஞ்சுக்கு வந்தது. நடுவில் ஒரு டப்பா கவிழ்ந்தால் வெளியே நின்று கை விட்டு நிமிர்த்த முடியாது, ஒரு பையனை உள்ளேயே ஏற்றி நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த வண்டிகளில் பின்கதவோடு மடிப்புப் படி வைத்து விற்கிறார்கள் என்றால் உயரம் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். உர மூட்டை 50 கிலோ. தூக்கப் போவது உங்கள் வேலையாள், அவருடைய முதுகையும் நினைத்து வாங்குங்கள்.

நான் வைத்திருப்பது ஒற்றைக் கேபின், முன்சக்கர இழுவை இல்லாத தாழ்வான ரகம். அம்மாவை அழைத்துப் போக வேண்டும் என்கிறீர்கள், அதனால் உங்களுக்கு நாலு கதவுதான் சரி. அம்மா ஏறுவதற்குப் பக்கப் படியும் கைப்பிடியும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடைக்கு அவரையே கூட்டிப் போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

பெர்த் தங்கச்சி

நான் சிப்புட்டில் பிறந்தவள், இப்போது பெர்த்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் நிற்பது ராம் 1500. அதனால் பெரிய வண்டிக்கு நான்தான் வக்காலத்து வாங்கணும்.

வீட்டுக்காரர் மண் வெட்டும் சின்ன எக்ஸ்கவேட்டரை டிரெய்லரில் ஏற்றி வேலைக்குப் போகிறார். மெஷினும் டிரெய்லரும் சேர்ந்து நாலு டன் வரும். ஹைலக்ஸ், ரேஞ்சர், டிமேக்ஸ் எல்லாம் இழுக்கும் எல்லை 3.5 டன். பெரிய வண்டிகள் இங்கே 4.5 டன் வரை இழுக்க அனுமதி பெற்றவை, அதற்கே கொக்கிப் பந்து 70 மில்லிமீட்டர் போட வேண்டும், சாதாரண 50 பற்றாது. அந்த ஒரு டன் வித்தியாசத்துக்காகத்தான் வாங்கினோம், வாங்கியது சரிதான். நெடுஞ்சாலையில் பின்னால் சுமை இருப்பதே தெரியாத மாதிரி நேராகப் போகிறது. நடுத்தர வண்டியில் அதே டிரெய்லரை எல்லைக்கு நெருங்கி இழுத்தபோது இறக்கத்தில் பின்பக்கம் ஆட்டும், அவர் பேச்சையே நிறுத்திவிடுவார்.

ரேம்ப் அண்ணன் சொன்ன சுமைக் கணக்கு இங்கேயும் அதேதான். தொட்டியில் ஏற்ற வேண்டியதைப் பக்கத்து வீட்டு டிமேக்ஸில் கேட்டு ஏற்றியிருக்கிறோம்.

இன்னொன்று அண்ணா. அமெரிக்காவில் வண்டி 80 அங்குல அகலத்தை எட்டினால் எல்லை விளக்குகள் பொருத்த வேண்டும் என்று சட்டம். எஃப்-150 அதனால்தான் 79.9 அங்குலத்தில் நிற்கிறது, அதையும் தாண்டும் ராப்டர் என்கிற எஃப்-150 ரகத்தின் முகப்பில் மஞ்சள் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள ரோட்டுக்கு அளவெடுத்துத் தைத்த வண்டி அது. எஃப்-150 நீளமும் 5.9 மீட்டரை நெருங்கும். சிப்புட் பாசாரில் 16 அடிப் பெட்டியில் நிறுத்தினால் ஒரு மீட்டருக்கு மேல் ரோட்டில் நிற்கும், ஹைலக்ஸே அரை மீட்டர் வெளியே நிற்கிறதே.

வாங்கியே தீருவேன் என்றால், ஸ்டீயரிங்கை மாற்றியது யார் என்று கேளுங்கள். இங்கே எஃப்-150, ராம் இரண்டும் மெல்பர்னில் கம்பெனி ஒப்புதலோடு மாற்றி, உத்தரவாதத்தோடு விற்கப்படுகின்றன. வேறு எங்கோ ஒரு பட்டறையில் மாற்றியது வேறு கதை.

ஜாலோங் ஃபோர்மன்

தங்கச்சி சரியான இடத்தில் கை வைத்தார். ஸ்டீயரிங் மாற்றிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது, என்ன ரகம் என்று சொல்லப் போவதில்லை. ஸ்டீயரிங் ரேக், பெடல், டேஷ்போர்டு, வைப்பர், ஒயரிங் எல்லாவற்றையும் இடம் மாற்றியிருந்தார்கள். வைப்பர் கம்பி கழன்று போனது, சின்ன விஷயம். கம்பெனிப் புத்தகத்தில் அந்தக் கம்பிக்கு நம்பர் கிடையாது, ஏனென்றால் அது எவரோ கையால் செய்தது. கடைசியில் பழைய இரும்பை வளைத்து நானே செய்து கொடுத்தேன். மழைக்காலத்தில் அந்த மனுஷன் வண்டியை வெளியே எடுக்க முடியாமல் காத்துக் கிடந்தார்.

டயருக்கு வருவோம். ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைடன், ரேஞ்சர் நாலுக்கும் ரிம்மில் ஆறு நட்டு, 139.7 மில்லிமீட்டர் வட்டம். எஃப்-150க்கும் ஆறு நட்டுதான், ஆனால் வட்டம் 135. தோட்டத்துக்குள் இரண்டு டயர் போனால் பக்கத்து நிலத்துக்காரரின் ரிம்மை வாங்கி, நடு ஓட்டையும் பொருந்தினால் பூட்டி ரோட்டுக்காவது வந்துவிடலாம், டயர் சைஸ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும். பெரிய வண்டிக்கு அந்த வழி இல்லை. 2015 மாடலிலிருந்து எஃப்-150 பாடி அலுமினியம். துரு பிடிக்காது, நல்லது. மட்டை விழுந்து நசுங்கினால் நம் ஊர்ப் பட்டறையில் இரும்பைத் தட்டுகிற மாதிரி தட்ட முடியாது.

எண்ணெய்ச் செலவை வைத்து மட்டும் பெரிய வண்டியைக் கழித்துவிட முடியாது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 ஆனது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கியது. அந்தக் கணக்கில் பெட்ரோல் வி8 ஊற்றிக் குடித்தாலும் லிட்டர் விலை டீசலைவிடக் குறைவு. ஆனால் டீசல் வண்டிக்குத் தகுதி இருந்தால் அரசின் புடி மடானி உதவித்தொகை உண்டு, 2024-ல் மாதம் 200 வெள்ளி என்று தொடங்கியது, சிறு தோட்டக்காரர்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. இப்போதைய விலையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். ரோட் டேக்ஸ் சிசியைப் பொறுத்தது, 5.0 இன்ஜின் என்றால் அதற்கேற்ற மாதிரி ஏறும்.

செம்மண் மேட்டில் ஈரத்தில் ஏற டீசல்தான் எனக்குப் பிடிக்கும். டிமேக்ஸ் 1.9 கூட நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முழுதாகக் கொடுத்துவிடும், காலை அமுக்கிச் சக்கரத்தைச் சுழல விட வேண்டியதில்லை. வாய்க்கால் பொங்கும் இடம் என்றால் ரேஞ்சரும் டிமேக்ஸும் 800 மில்லிமீட்டர் தண்ணீர் வரை, ஹைலக்ஸ் 700 என்று கம்பெனியே சொல்கிறது.

லாசா ரோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரேம்ப் அண்ணன் எழுதியதைப் படித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் பலகைப் பாலத்தில் இரண்டு வரிசையின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் 1.95 மீட்டர் இருக்கிறது. எஃப்-150 அங்கேயே முடிந்தது. மச்சானிடம் சொன்னேன், பாலத்தை மாற்று என்றான். பாலம் எனக்கு மட்டும் சொந்தமில்லை, நாலு குடும்பம் போகிற வழி.

நாலு கதவு, தாழ்கியர் உள்ள ஃபோர்வீல், டீசல், இதுதான் முடிவு. அம்மாவைக் கூட்டிப் போய் டிமேக்ஸிலும் ஹைலக்ஸிலும் ஏற்றிப் பார்த்தேன், டிமேக்ஸில் கைப்பிடி அவருக்கு எட்டுகிறது. ஃபோர்மன் அண்ணே, நாலு கதவில் தொட்டி ஒன்றரை மீட்டர்தான் வருகிறது, குலை நிற்க பக்கவாட்டில் கம்பி உயர்த்திக் கட்டலாமா? பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடப் போடலாமா?

ஜாலோங் ஃபோர்மன்

ஸ்பிரிங் பட்டை கூட்டினால் சுமை எல்லை கூடாது தம்பி, அமுங்குவதுதான் குறையும். அச்சும் பிரேக்கும் அதேதான். முதலில் கம்பெனி ஸ்பிரிங்கோடு ஒரு அறுவடை ஓட்டிப் பாருங்கள், அம்மா பின்சீட்டில் வருகிற வண்டி, வெறுமையாகப் போகும்போது குதிக்கக் கூடாது. பக்கக் கம்பிக்குச் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயில் கேட்டுவிட்டு வாருங்கள், கழற்றி மாட்டும்படி செய்து தருகிறேன். உயரம் அதிகம் வேண்டாம், கேபின் கூரைக்குக் கீழேயே நிற்கட்டும்.